தெரு ஏற்றிய விலை



இந்தச் சொற்பொழிவை நடத்துவது ஓர் அறக்கட்டளை; அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் ஒரு தொகையை வங்கியில் போட்டு வைக்கிறார். முதலை யாரும் தொடுவதில்லை. வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்கிறது. இந்த ஏற்பாட்டை நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில்களில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை ஆடு, இத்தனை கழஞ்சு பொன், அதன் வருவாயில் இந்தச் சந்நிதியில் ஒரு நந்தாவிளக்கு என்று இருக்கும். கொடுத்தவர் யார், பெற்றுக்கொண்ட சபை எது, எரிய வேண்டிய விளக்கு எது என்ற மூன்றும் ஒரே கல்லில். எண்ணெய் ஊற்றப்படுகிறதா என்று வழிப்போக்கன்கூடப் பார்த்துவிடலாம். வீட்டு வரியைப் பற்றிப் பேச வந்தவன் விளக்கைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சு முடிவதற்குள் அந்த விளக்குக்குத் திரும்பி வருவேன்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று பல ஊர்களின் வரிக் கேட்புப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். அதற்கும் முன்னால் எனக்கு இந்தப் பாடத்தைத் தொடங்கி வைத்தது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கிய ஒரு குத்துக்கம்பி. அப்பா வரி கட்டிவிட்டு வந்ததும் ரசீதை அதில் குத்தி வைப்பார். அரையாண்டுக்கு ஒன்று. அடியில் இருப்பவை மஞ்சளாகி, ஓரம் பொடிந்து, எழுத்து மங்கிப் போயிருக்கும். ஆனால் தொகை மாறவே மாறாது. பத்து, பன்னிரண்டு ரசீதுகளைத் தள்ளிப் பார்த்தாலும் அதே எண். இது அப்பாவுக்கு ஒரு பெருமை. எனக்கும் சின்ன வயதில் அது நல்லதாகவே பட்டது. அந்த மாறாத எண்தான் நம் நகரங்களின் நோய் என்று புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

1912-ல் நகராட்சியான புதுக்கோட்டை, 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவையும் நம்மோடு சேர்ந்தே அந்தத் தகுதியைப் பெற்றன. அறிவிப்பு வந்த நாளிலிருந்து டீக்கடை முதல் கல்யாண வீட்டுப் பந்தி வரை ஒரே கேள்விதான்: வரி எவ்வளவு ஏறும்? நகரோடு சேர்க்கப்பட்ட ஊராட்சிகளில் இதோடு இன்னொரு கவலையும் சேர்ந்தது, நூறு நாள் வேலை போய்விடுமே என்று. அந்தக் கவலையோடு வீதிக்கு வந்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். நகரம் அவர்களுக்குத் தருவது என்ன என்று சொல்லாமல், அவர்களிடமிருந்து எடுப்பது என்ன என்பது மட்டும் முதலில் தெரிந்தால், வேறு எப்படி நடந்துகொள்வார்கள்?

இனி அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். ஒரு வீட்டின் விலையை ஏற்றுவது யார்?

கட்டடம் கட்டி முடித்த நாளிலிருந்து தேயத் தொடங்குகிறது. சுவரில் விரிசல் விடும், கான்கிரீட்டில் கம்பி துருவேறும், தளத்தில் ஈரம் இறங்கும். இருபது ஆண்டு கழித்து அந்த வீட்டை விற்றால் விலை பல மடங்கு வருகிறதே, ஏறியது எது? மனை ஏறியது. மனையை ஏற்றியது எது? தெரு. தெருவில் போட்ட சாலை, கம்பத்தில் எரியும் விளக்கு, குழாயில் வரும் தண்ணீர், பக்கத்தில் வந்த பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், அரசு மருத்துவக் கல்லூரி. வீட்டுக்காரர் வெள்ளையடித்ததால் ஏறிய விலை அதில் மிகச் சிறிய பங்கு.

இதை நம் ஊரைப் போல் தெளிவாகக் காட்டும் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. 1812-ல் புதுக்கோட்டையில் பெருந்தீ ஏற்பட்டது. குறுகலான சந்துகளில் கூரை வீடுகள் நெருக்கியடித்திருந்த ஊர் அது. தீக்குப் பிறகு, சமஸ்தான மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமான் காலத்தில், ஆங்கிலேய அதிகாரி பிளாக்பர்ன் துரையின் யோசனைப்படி நேர்கோட்டில் அகலமான வீதிகள் போட்டு, ஓட்டு வீடுகளாக ஊர் எழுந்தது. இன்றைக்குக் கீழ ராஜ வீதியில் கடை வைத்திருப்பவர் தரும் வாடகையிலும் முன்பணத்திலும் அந்த 1812-ஆம் ஆண்டின் அகலம் சேர்ந்திருக்கிறது. பிறகு திவானாகவும் ரீஜென்டாகவும் இருந்த சேஷையா சாஸ்திரி குளங்களைத் தூர்வாரிச் சீர்படுத்தினார், பொது அலுவலகங்கள் எழுப்பினார். பல்லவன் குளத்துக்கும் புதுக்குளத்துக்கும் பக்கத்தில் இருக்கும் கிணறுகளில் தண்ணீர் ஊறுகிறது என்றால் அதுவும் ஒரு விலைதான். இவை எதற்கும் இன்றைய சொந்தக்காரர் எவரும் செலவழிக்கவில்லை. ஊர் செலவழித்தது.

தெரு ஏற்றிய விலையில் ஒரு சிறு பங்கைத் தெருவுக்கே திருப்பித் தருவது, இதைத்தான் நான் சொத்து வரி என்று புரிந்துகொள்கிறேன். தண்டம் என்று நினைத்தால் அதைக் குறைக்கத்தான் மனம் போகும். பங்கு என்று நினைத்தால் சரியாகப் பிரிக்கப்பட்டதா என்று கேட்கத் தோன்றும்.

தமிழ்நாட்டில் இந்தப் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது? சந்தை விலையை வைத்து அல்ல. கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு மதிப்பு. நகரை மண்டலங்களாகப் பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை விகிதம் வைத்து, கட்டடத்தின் வகை, வயது, குடியிருப்பா கடையா என்று பார்த்துக் கூட்டிக் கழித்து, அரையாண்டு வரி வருகிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு நாள் நிர்ணயித்த அந்த மதிப்பு அப்படியே உறைந்துவிடுகிறது.

சென்னையில் 1998-ல் பொதுச் சீராய்வு நடந்தது. அடுத்த சீராய்வு 2022-ல். இடையில் 24 ஆண்டுகள். அந்த 24 ஆண்டுகளில்தான் பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகி, கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. மனை விலை எங்கெங்கோ போனது. வரி மட்டும் 1998-லேயே நின்றது. நம்முடையது உட்பட மற்ற ஊர்களில் 2022-க்கு முந்தைய சீராய்வு 2008-ல். 2018-ல் ஒரு முயற்சி நடந்தது. வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, வாடகைக் கட்டடத்துக்கும் கடைக்கும் 100 சதவீதம் வரை என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்தது. 2019-ல் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் ஈடுகட்டினார்கள். நேரத்தோடு கட்டியவர் ஏமாந்தவராகவும், கட்டாமல் இழுத்தவர் சமர்த்தராகவும் தெரிந்த காலம் அது. ஓர் ஊரின் வரிப் பண்பாட்டுக்கு அதைவிடக் கேடு இல்லை.

2022 ஏப்ரலில் சீராய்வு வந்தபோது, நம்மைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. பழைய சென்னைப் பகுதியில் 50-லிருந்து 150 வரை. பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து ஆண்டுதோறும் வளரச் செய்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை வைத்திருந்ததும் ஒரு காரணம். ஊரே கொதித்தது. எனக்கும் கோபம் வந்தது. பிறகு தணிக்கைக்காரனின் பழக்கப்படி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

கணக்கு இதுதான். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 2008-ல் அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 சதவீதம் மட்டும் ஏற்றியிருந்தால், 14 ஆண்டில், 2022-ல் அது எவ்வளவு ஆகியிருக்கும்? ஏறத்தாழ 1,510 ரூபாய். அரசு ஒரே நாளில் ஏற்றியபோது ஆனது 1,500 ரூபாய். பத்து ரூபாய்தான் வித்தியாசம், அதுவும் குறைவாக! சென்னையில் இருமடங்கானது என்று அலறியவருக்கும் அதே 3 சதவீதம்தான். 24 ஆண்டில் அது இருமடங்கைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு முப்பது, நாற்பது ரூபாயாக ஏறியிருந்தால் எந்த வீட்டிலும் பேச்சே எழுந்திருக்காது. சுமை தொகையில் இருந்ததைவிட, அது வந்து விழுந்த விதத்தில் இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊருக்கு வராத பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பணத்தில் போட்டிருக்க வேண்டிய வடிகால் போடப்படவில்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊர் பலவீனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் வீடுகளின் மீதான கவுன்சில் வரி இன்றைக்கும் 1991-ஆம் ஆண்டு மதிப்பை வைத்தே வசூலாகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்களித்து, மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கட்டிவிட்டார்கள்; விற்றால் மட்டுமே புது மதிப்பு. விளைவு, அடுத்தடுத்த இரண்டு ஒரே மாதிரி வீடுகளில் பழைய குடும்பம் ஒரு பங்கும் புதிதாக வந்த இளம் தம்பதி பல பங்கும் கட்டுகிறார்கள். உறைந்த மதிப்பு எங்கே போனாலும் முன்னே வந்தவருக்குச் சலுகை, பின்னே வருபவருக்குப் பாரம்.

சதவீதத்தில் ஏற்றுவதில் இன்னொரு அநீதியும் ஒளிந்திருக்கிறது. ஓர் ஊரில் தணிக்கைக்குப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். பதிவேட்டில் ஒரு கதவிலக்கத்துக்கு எதிரே ‘ஓட்டு வீடு, குடியிருப்பு’ என்று இருந்தது. மாலையில் டீ குடிக்க அந்தத் தெரு வழியாகப் போனேன். அந்த இலக்கத்தில் மூன்று மாடி லாட்ஜ் நின்றது, கீழே நான்கு கடைகளோடு. எதிர்வரிசையில் உண்மையிலேயே ஓட்டு வீட்டில் இருந்த ஒரு அம்மா திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டின் கண்ணுக்கு அந்த இரண்டும் ஒரே கட்டடம். இருவருக்கும் 25 சதவீதம் ஏற்றினால் நியாயம் செய்ததாகுமா? தவறான எண்ணை எத்தனை மடங்கு பெருக்கினாலும் தவறுதான் பெருகும். அன்று என் தணிக்கைத் தடையில் அந்த ஒரு பத்தியை எழுத இரண்டு இரவுகள் எடுத்துக்கொண்டேன். இப்போது ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. ஆண்டுதோறும் சிறிதாக ஏறுவதை நான் வரவேற்கிறேன். ஆனால் முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் ஏற்றுவது, அந்த அம்மாவின் பூக்கூடையிலிருந்து எடுத்து லாட்ஜுக்காரருக்கு வழிவிடுவது.

அளப்பது இனி முன்னைவிட அவசரம். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறலாம். பிளான் அப்ரூவலுக்காக நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை; நான் மனதார வாழ்த்துகிறேன். அதே வேளையில், அனுமதி கொடுத்த கையோடு வரிப் பதிவேட்டிலும் அந்த வீடு ஏற வேண்டும். கிரகப்பிரவேசம் முடிந்து பிள்ளைக்குக் காது குத்தும் வரை வரி விதிப்பு எண் இல்லாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

விதிகளே விலையை ஏற்றும் விதமும் உண்டு. 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கியதும் அதே மனையில் 4,800 சதுர அடி கட்டலாம் என்றானது. அந்த மனைக்காரர் ஒரு செங்கல்லும் அடுக்கவில்லை. அரசாணையில் ஓர் எண் மாறியது, விலை ஏறியது. அவ்வளவு பேர் கூடுதலாக வந்து குடியிருக்கப் போகும் தெருவின் சாக்கடைக் குழாய் மட்டும் பழைய விட்டத்திலேயே இருக்கிறது. 2007 முதல் பெரிய கட்டடங்களிடம் வாங்கும் உள்கட்டமைப்பு, வசதிக் கட்டணமோ மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. கழிவுநீர் பெருகுவது தெருவில், கட்டணம் சேர்வது தலைநகரில். இதை மாற்றச் சொல்லிப் புதிய மாநகராட்சிகள் நான்கும் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.

சென்னையின் தென்புறம் நமக்கு ஒரு முன்னெச்சரிக்கை. சோழிங்கநல்லூர், பெருங்குடி போன்ற இடங்களில் முதலில் அடுக்குமாடிகள் வந்தன. மாநகராட்சி 2011-ல்தான் வந்தது. குழாயும் வடிகாலும் அதற்கும் பின்னால். நடுவில் வந்தது தண்ணீர் லாரி. அங்கே குடியிருப்பவர்கள் லாரிக்கும் மெயின்டனன்ஸுக்கும் மாதந்தோறும் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அரையாண்டுச் சொத்து வரி ஒன்றுமே இல்லை. ஆனால் மெயின்டனன்ஸைக் குறைகூறாமல் கட்டுகிறார்கள். ஏன்? லிப்ட் ஓடுகிறது, காவலாளி நிற்கிறார், கணக்கு மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. ஊர் தராததை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள முடிந்தவர்கள் மதிலுக்குள் ஒரு குட்டி நகராட்சி வைத்துக்கொண்டார்கள். முடியாதவர்கள் மதிலுக்கு வெளியே குடத்தோடு நிற்கிறார்கள்.

நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். நத்தம்பண்ணை, கவிநாடு, திருக்கட்டளை என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண்ணில் வெள்ளையடித்த ஊன்றுகற்கள். மனைகள் விற்றாகிவிட்டன. வாங்கியவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கலாம். மகளின் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டிருப்பார். அந்தச் சேமிப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் பத்து மனையில் இரண்டு வீடு மட்டும் இருக்கும் தெருவுக்கு, பத்து வீட்டுக்கான சாலையும் கம்பியும் குழாயும் போட்டாக வேண்டும். செலவு இரண்டு வீட்டின் தலையில். சீமைக்கருவேல் முளைத்துக் கிடக்கும் எட்டு மனையும் அந்தச் சாலையால் விலை ஏறிக்கொண்டே இருக்கும். காலிமனை வரி என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது எப்போது நினைவுக்கு வருகிறது தெரியுமா? மனைக்காரர் வீடு கட்ட அனுமதி கேட்டு வரும்போது, ரசீது எங்கே என்று கேட்கும்போது. கட்டுபவரிடம் பாக்கி கேட்டு, கட்டாமல் போட்டிருப்பவரை விட்டுவிடுகிறோம். இதைத் தலைகீழாக்க வேண்டும். கட்டடத்துக்கு இலேசாகவும் வெறும் மனைக்கு ஒழுங்காகவும் வரி இருந்தால் ஊர் உள்ளே நிரம்பும். கண்மாயின் நீர்ப்பிடிப்பை நோக்கிப் பரவாது. 1879-லேயே ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போதும் என்று புத்தகம் எழுதினார். அவ்வளவு தூரம் போக நான் சொல்லவில்லை. அந்தத் திசையில் நாலு அடி வைக்கலாம்.

நகரத்தின் சொந்தக் கையில் வேறு வருவாய் என்ன இருக்கிறது? தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. சொத்து கைமாறும்போது கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கானது. பத்திரம் பதியாத ஆண்டில் அதுவும் குறையும். சுற்றிச் சுற்றி வந்தால் மிஞ்சுவது வீட்டு வரிதான். அதோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்ந்து வருகிறது. உங்களில் பலர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நூலக மேசைக்குப் பின்னால் ஊரார் கட்டிய வீட்டு வரி இருக்கிறது, மாணவர்களே.

சரி, மக்கள் ஏன் மறுக்கிறார்கள்? இந்த நாட்டின் முதல் மாநகராட்சி 1688-ல் சென்னையில் அமைந்ததே வரிச் சிக்கலால்தான். கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்ட வரி கேட்டபோது ஊரார் எதிர்த்தார்கள். தங்கள் பிரதிநிதிகளே உட்கார்ந்து தங்களுக்கு வரி விதித்துக்கொண்டால் மனம் ஒப்பிக் கட்டுவார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திய சர் ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். நம் ஊரிலும் 1931-ல் புதிய வரிகளை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. அது சமஸ்தானக் காலம். வரி போடும் இடத்தில் கட்டுபவரின் குரல் பலிக்காத காலம். இன்று நம் வாக்கில் வந்த உறுப்பினர்கள் மாமன்றத்தில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் வரிச் சீட்டில் என் பணம் எந்தத் தெருவுக்குப் போயிற்று என்று ஒரு வரி இல்லை.

இங்கேதான் விளக்குக்கும் அதைச் சொன்ன கல்வெட்டுக்கும் திரும்புகிறேன். நம் மாவட்டத்து நார்த்தாமலைக்குத் தெலுங்கு குலகாலபுரம் என்று ஒரு பெயர் இருந்தது. வணிகர் சபை நடத்திய ஊர். கல்வெட்டில் ‘நகரம்’ என்றாலே அந்தச் சபைதான். கட்டடக் கூட்டம் அல்ல. நம் மாவட்டத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஊரைக் காக்க ஓர் அரையரை, அதாவது உள்ளூர்த் தலைவரை, அமர்த்தி, அதற்கு ஊரார் தருவது என்ன என்று பேசி முடித்து, கல்லில் வெட்டுவார்கள். அந்தக் காலம் முழுக்கப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். காவல்காரனே மிரட்டிய கதையும் உண்டு. ஆனால் கொடுப்பதும் பெறுவதும் ஒரே கல்லில் எழுதப்பட்டன என்பதை மறக்கக் கூடாது.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபை கூடுகிறது. கிராம சபையின் தம்பி என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் இரண்டே எண்களை வாசிக்க வேண்டும் என்று நம் மாமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வார்டில் இந்த அரையாண்டு சேர்ந்த வரி இவ்வளவு, இந்த வார்டில் செலவானது இவ்வளவு. ஏழைத் தெருக்கள் உள்ள வார்டில் செலவு வரவைவிட அதிகமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசித்த இரண்டு எண்களையும் தெருமுனையில், எல்லார் கண்ணிலும் படும்படி, சுவரில் எழுதி வைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஊராட்சிகளில் முதல் ஐந்து ஆண்டு வரி ஏற்றத்தை, அங்கே போடும் குழாயோடும் விளக்கோடும் கட்ட வேண்டும். குழாய் வந்த தெருவில் ஏறட்டும். வராத தெருவில் நிற்கட்டும்.

அப்பா போன பிறகு அந்தக் குத்துக்கம்பியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மேலே நான் குத்திய ரசீதுகள் இப்போது இணையத்தில் கட்டி அச்செடுத்தவை. ஒவ்வொரு ஆண்டும் எண் கொஞ்சம் மாறுகிறது. போன மாதம் எங்கள் தெருவில் வடிகால் தோண்டினார்கள். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியிடம், இது எந்த நிதி என்று கேட்டேன். “தெரியலைங்க ஐயா, பில்லுல போட்டிருக்கும்” என்றார். அந்தப் பில்லைப் பார்க்க மறுநாள் போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.